நாற்பத்து மூன்று ஜோடிக் கண்கள்

வசந்தகுமாரியின் கழுத்தில் தொங்குகிற அடையாள அட்டைக்குப் பச்சைக் கயிறு. ஆறு வருஷமாகப் பச்சைதான். அம்பத்தூர் எஸ்டேட்டில் அவள் வேலை பார்க்கும் போட்டோ ஆபீஸில் நிரந்தர ஆட்களுக்கு நீலக் கயிறு, காண்ட்ராக்ட் ஆட்களுக்குப் பச்சைக் கயிறு. நீலத்துக்கு ஆபீஸ் வேன் உண்டு, மாடியில் ஏ.சி. போட்ட சாப்பாட்டு அறை உண்டு, காய்ச்சல் வந்தால் படுத்துக்கொள்ள லீவு உண்டு. பச்சைக்கு அதெல்லாம் இல்லை. பட்டாபிராமில் ரயில் ஏறி, அம்பத்தூரில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே தொங்கவிட்டுக்கொண்டு வந்து சேர வேண்டியது. காய்ச்சல் வந்தால் அது அவரவர் பாடு.

அந்தத் திங்கட்கிழமை காலையில் ஹெச்.ஆர். கிருஷ்ணப்பிரியா கூப்பிட்டனுப்பியபோது வசந்தகுமாரி முகம் கழுவிக்கொண்டுதான் போனாள். நிரந்தர ஆர்டர் வந்துவிட்டது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி என்று போன வாரமே காதில் போட்டிருந்தார்கள்.

கிருஷ்ணப்பிரியா காகிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வசந்தகுமாரி தன் பெயரைத் தலைகீழாக ஒரு தரம் படித்தும் விட்டாள். அதற்குள் அந்தப் பெண் கம்ப்யூட்டரில் எதையோ பார்த்து நெற்றியைச் சுருக்கி, காகிதத்தை மறுபடி டிராயருக்குள் வைத்தாள்.

“ஸாரி வசந்தகுமாரி. உங்க பேர்ல ஒரு எரர் ஏறியிருக்கு.”

“எரரா? இன்னா எரரு?”

“வெள்ளிக்கிழமை சாயந்தரம் போட்டிருக்காங்க. மொனாஸ்டரி வேலையில. ‘ஆபரேட்டர் தவறு’ன்னு இருக்கு. பன்னெண்டு மாசத்துல ஒரு எரர்கூட இல்லாம இருந்தாத்தான் பர்மனென்ட். இனிமே அடுத்த வருஷம்தான் பாக்கணும்.”

“யாரு போட்டது?”

“உங்க டீம் லீட். அவரே தப்பாப் போட்டுட்டேன்னு எடுத்துட்டா நான் இன்னிக்கே குடுத்துடுவேன். நான் எழுதறவ இல்லைங்க, படிக்கிறவ.”

டிராயர் டக்கென்று மூடிக்கொண்டது. ஆறு வருஷம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்ட மாதிரி இருந்தது வசந்தகுமாரிக்கு.

அது என்ன மொனாஸ்டரி என்று கேட்பீர்கள். சொல்லிவிடுவதுதான் நல்லது.

ருமேனியா என்று ஒரு தேசம். அதன் வடக்கே மலையும் காடுமாக ஒரு சீமை. அங்கே ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் பழைய மடம் ஒன்று, கட்டி நானூறு வருஷத்துக்கு மேல். கோயிலுக்குள்ளே சித்திரம் எழுதுவது எல்லா ஊரிலும் உண்டு. இந்த மடத்துக் கோயிலுக்கோ வெளிச்சுவர் பூராவும் சித்திரம். மழையும் பனியும் வெயிலும் அடிக்கிற சுவரில், தரையிலிருந்து கூரை வரைக்கும் ஒரு சாண் இடம் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாத குடியானவர்கள் சுவரைப் பார்த்தே வேதக்கதையைத் தெரிந்துகொள்ளட்டும் என்று செய்ததாம். ஒரு சுவரில் நெருப்பு ஆறாக ஓடுகிறது. இன்னொன்றில் வானத்துக்கு ஒரு ஏணி, மனுஷர்கள் ஏறுகிறார்கள், ஒரு பக்கம் தேவதைகள் வரிசையாகக் கை கொடுக்க, மறுபக்கம் குட்டிச்சாத்தான்கள் காலைப் பிடித்து இழுக்கின்றன. பின்னணி முழுக்க ஒரு பச்சை. அயனம்பாக்கம் ஏரி மழை விட்ட மறுநாள் காட்டுமே, அந்தப் பச்சை.

வெளிநாட்டு அருங்காட்சியகம் ஒன்று அந்தச் சுவர்களைத் துண்டு துண்டாக நாலாயிரம் போட்டோ எடுத்து அம்பத்தூருக்கு அனுப்பியிருந்தது. குறுக்கே போகிற வயரை எடு, விளக்கை எடு, நின்று வாய் பார்க்கிற சுற்றுலாக்காரன் தலையை எடு, சுத்தம் செய்து நான்கு சுவராக ஒட்டிக் கொடு என்பது வேலை. கீழ்வரிசைப் படங்கள் வசந்தகுமாரியிடம் வந்தன. கீறல் எடுப்பதில் அந்த ஆபீஸில் அவளுக்கு மிஞ்சின ஆள் கிடையாது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளையின் அம்மைத் தழும்பு அவள் கை பட்டால் பட்டுத்துணியாகிவிடும்.

வேலை ஆரம்பித்த முதல் நாளே அவள் கவனித்துவிட்டாள். சுவரில் ஆள் கை எட்டுகிற உயரம் வரைக்கும் ஏகப்பட்ட கீறல். ஆணியாலோ கத்தியாலோ கீறியது. பெருசு பண்ணிப் பார்த்தால் எழுத்து மாதிரி. இங்கிலீஷ் போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. ஆனால் எண்கள் தெளிவாகத் தெரிந்தன. 1743. 1788. அவர்கள் ஆபீஸில் சந்தேகம் வந்தால் படத்தின்மேலேயே ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டிக் கேட்கலாம், கம்ப்யூட்டரிலேயே. அவள் ஒட்டினாள். இது எழுத்து மாதிரி தெரிகிறது, விட்டுவிடவா என்று கேட்டு ஒட்டினாள்.

டீம் லீட் ஜெகதீஷ் காப்பியோடு நேராக அவள் இருக்கைக்கே வந்துவிட்டான்.

“அக்கா, எழுத்தாவது ஒண்ணாவது. நம்ம ஊர்ல கோயில் சுவத்துல ‘குமார் லவ்ஸ் மாலா’ன்னு கிறுக்கறான்ல, அதே கேஸ்தான். கீறல்னா கீறல். எடுத்துடுங்க.”

சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போய், அவள் ஒட்டிய சீட்டில் ‘முடிந்தது’ என்று அமுக்கினான். சீட்டு மறைந்துவிட்டது. அதற்குப் பிறகும் அவள் விடவில்லை, பெரிய கீறலாக வந்தபோதெல்லாம் ஒட்டினாள். ஒவ்வொன்றும் ‘முடிந்தது’ ஆனது. மூன்றரை மாசம் உட்கார்ந்து சுவரைக் கண்ணாடி மாதிரி வழித்துக் கொடுத்தாள்.

இதற்கு நடுவே இன்னொன்றும் செய்தாள். அதை யாரும் சொல்லவில்லை.

கீழ்வரிசையில் நின்ற புனிதர்களுக்குக் கண் இல்லை. தலைக்குப் பின்னால் பொன்வட்டம், தாடி, அங்கி, கையில் புத்தகம் எல்லாம் அப்படியே இருக்க, கண் இருந்த இடத்தில் மட்டும் சுண்ணாம்பு தெரியக் குழி. எந்தக் கொடும்பாவியோ வேண்டுமென்றே தோண்டியிருக்கிறான். கிறிஸ்தவச் சாமியோ நம்ம சாமியோ, கண்ணில்லாமல் எப்படி நிற்கும்? நாள் பூராவும் அந்தக் குழிகளின் முன்னே உட்கார அவளால் முடியவில்லை. மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில், தயிர்சாதத்தை நாலு வாயில் முடித்துவிட்டு, மேல்வரிசையில் கை எட்டாத உயரத்தில் தப்பித்திருந்த புனிதர்களின் கண்களைப் பார்த்துப் பார்த்து, இவர்களுக்கும் வைத்தாள். யார் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறாரோ அந்தப் பக்கம் பார்க்கிற மாதிரி. கிழவருக்குக் கிழவர் கண், வாலிபனுக்கு வாலிபன் கண். மொத்தம் நாற்பத்து மூன்று ஜோடி. பக்கத்து இருக்கை சபீனாவுக்கு மட்டும்தான் தெரியும்.

“உசுரு வந்துடுச்சுக்கா,” என்றாள் சபீனா, முதல் ஜோடியைப் பார்த்து. அந்த ஒரு வார்த்தைக்காகவே வசந்தகுமாரி மீதி நாற்பத்து இரண்டையும் வைத்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

திங்கட்கிழமை ஹெச்.ஆர். அறையிலிருந்து அவள் நேராக ஜெகதீஷ் முன்னால் போய் நின்றாள்.

“தம்பி, எம்பேர்ல எரரு போட்டியாமே?”

சாதாரணமாக அவன் அவளுக்கு ‘சார்’. கோபம் வந்தால் ‘தம்பி’. அவனுக்கும் இப்படி இரண்டு கணக்கு உண்டு. வேலை ஆக வேண்டும் என்றால் ‘அக்கா’, மெயிலில் ‘வசந்தகுமாரி’.

“உக்காருங்கக்கா. மியூசியத்து அம்மாகிட்டேருந்து பெரிய மெயில் வந்திருக்கு. நாம எடுத்த கீறலெல்லாம் பழைய காலத்துப் பேராம். கும்பிட வந்தவன், சண்டைக்கு வந்த சிப்பாய், ஆடு மேய்க்கிறவன் எல்லாரும் வருஷம் போட்டுக் கீறி வச்சதாம். அதைப் படிக்கிறதுக்குத்தான் இவ்ளோ போட்டோவே எடுத்தாங்களாம். ‘என்ன பண்ணி வச்சிருக்கீங்க’ன்னு கேக்குது அந்தம்மா.”

“அத்தத்தான நான் மொத நாளே கேட்டேன்?”

“கேட்டீங்களா?”

“எழுத்து மாறி கீது, உட்டுடவான்னு கேட்டேன். நீதான் காப்பியும் கையுமா வந்து எட்துடுன்னே.”

“அக்கா, நான் ஒரு நாளைக்கு நூறு பேருக்கு நூறு விஷயம் சொல்றேன். எழுத்துல எங்கயாவது இருக்கா?”

அந்த ஆபீஸில் சொல்வதெல்லாம் வாயால், குற்றம் மட்டும் எழுத்தால்.

“அப்ப நானா எட்துட்டேன், அப்டித்தான? மூணரை மாசம் நானா ஒக்காந்து, வேல இல்லாம, செவுத்த வழிச்சினு இருந்தேன்?”

“கத்தாதீங்கக்கா, எல்லாரும் பாக்கறாங்க. எரர்னு போட்டா யாராவது ஒருத்தர் பேரைப் போட்டாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்கே போகுது. ஃபைல் உங்க பேர்ல இருந்துச்சு, போட்டேன். எனக்கு மட்டும் ஆசையா?”

அவனும் கெட்டவன் இல்லை, பாவம். சேலத்திலிருந்து வந்தவன். அயனம்பாக்கத்தில் ஏரி தெரிகிற மாதிரி ஒரு ஃபிளாட் வாங்கிவிட்டு, எந்தக் காகிதத்தைப் பார்த்தாலும் நடுங்கிக்கொண்டிருப்பவன். ஆனால் நடுங்குகிறவன் கை வழுக்கி உங்கள் கழுத்தில் விழுந்தால் உங்களுக்கு வலிக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

“எடு,” என்றாள் வசந்தகுமாரி. “எம்பேர எடு. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்.”

“எடுத்துட்டு யார் பேரைப் போடறது?”

“ஒன் பேரப் போடு!”

அவன் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அன்று மாலை பட்டாபிராம் வீட்டில் பூண்டு உரிக்கிறேன் பேர்வழி என்று அவள் பூண்டைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் கஜபதி பூந்தமல்லி பக்கம் மெட்ரோ வேலையில் கிரேன் ஓட்டுகிறவன். குளித்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்து முழுக்கதையையும் கேட்டான்.

“சாமிங்களுக்குக் கண்ணு வச்சத அவனாண்ட சொன்னியா?”

“இல்ல.”

“நல்லதாப் போச்சு. உட்டா பொட்டும் வச்சு பூவும் சாத்தியிருப்ப.”

“மூஞ்சப் பாரு. நானே வயித்தெரிச்சல்ல கீறேன்.”

“சரி, இன்னாத்துக்கு எம்மேல பாயற? எங்க சைட்ல இன்னா பண்ணுவாங்க தெரியுமா? கை காட்றவன் காட்டாம நான் ஒரு கம்பியத் தூக்க மாட்டேன். இன்னிக்கு எவன் கை காட்னான்னு சாயந்தரம் நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கிப்போம். நாளைக்கு எதுனா உழுந்துச்சுன்னா நோட்டப் பொரட்டு. அவ்ளோதான். ஒங்க ஏசி ஆபீஸ்ல ஒரு நோட்டுகூடவா கெடையாது?”

பூண்டு உரித்த கை நின்றது. அந்த மஞ்சள் சீட்டுகள். ‘முடிந்தது’ என்று அமுக்கினால் மறையும், சரி. மறைவதும் அழிவதும் ஒன்றா?

மறுநாள் காலையில் அந்தக் கேள்வியைத்தான் சபீனாவிடம் கேட்டாள். சபீனா பூந்தமல்லிக்காரி, இருபத்தாறு வயசு, கம்ப்யூட்டரில் யாரும் தொடாத மூலையெல்லாம் தொட்டுப் பார்க்கிற விரல். அவளுக்கும் பச்சைக் கயிறுதான். பத்து நிமிஷம் எதையெதையோ திறந்து மூடிவிட்டு, ஒரு பட்டியலைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

“அக்கா. மாட்னான்.”

பதினேழு சீட்டு. பதினேழிலும் வசந்தகுமாரியின் கேள்வி. ஒவ்வொன்றின் கீழும் ‘முடித்தவர்: ஜெகதீஷ்’, தேதி, மணி, நிமிஷம்.

வசந்தகுமாரிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. “அடிப்பாவி, இத்தினி நாளா இதுக்குள்ளாறயா இருந்துது!”

“இதுல எல்லாமே இருக்கும்க்கா. யாரு, எப்ப, இன்னா பண்ணாங்கன்னு...” சபீனா கீழே இறங்கிக்கொண்டே போனவள் சட்டென்று நிறுத்தினாள். “ஐயோ.”

“இன்னாடி?”

“ஒன்னோட கண்ணுங்கக்கா.”

நாற்பத்து மூன்று வரி. ‘சேர்த்தவர்: வசந்தகுமாரி.’ எல்லாம் மத்தியானம் ஒரு மணிக்கும் ஒன்றே முக்காலுக்கும் நடுவே. அதற்கு முன்னால் சீட்டும் இல்லை, கேள்வியும் இல்லை, ஒரு பயலும் ‘முடிந்தது’ போடவும் இல்லை. இந்தப் பட்டியலை மேலே காட்டினால் பதினேழும் தெரியும், நாற்பத்து மூன்றும் தெரியும். ஒன்றை மறைத்து ஒன்றைக் காட்ட முடியாது.

சபீனா குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, நான் ஒண்ணு சொல்றேன், திட்டாத. இதுவும் அவன்தான் சொன்னான்னு சொல்லிடு. வாயால சொன்னான்னு. நூறு பேருக்கு நூறு சொல்றவன்தான? அவனுக்கே ஞாபகம் இருக்காது.”

“பொய்யா?”

“அவன் மட்டும் உண்மையா பேசுனான்? எல்லாம் வாயாலன்னு அவன்தான வச்சான் சட்டம்? ஒனக்கும் வாய் இருக்குதுல்ல?”

வசந்தகுமாரி திட்டவில்லை. யோசித்துப் பார்த்தாள், அதில் நியாயம் இல்லாமலும் இல்லை. அன்றைக்கு ரயிலில் ஆவடி தாண்டும் வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பழகினாள். அவருதான் சார் சொன்னாரு. அவருதான் சார் கண்ணு வைக்கச் சொன்னாரு. பக்கத்தில் நின்ற அம்மாள் திரும்பிப் பார்த்தபோதுதான் உதடு அசைவது தெரிந்தது.

பட்டியலை வசந்தகுமாரி மேலே அனுப்பிவைக்க, புதன்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் கங்காதரன் அறையில் அவரும் ஜெகதீஷும் அவளுமாக மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடிச் சுவர் போட்ட அறை. வெளியே தன் இருக்கையில் இருந்து சபீனா எட்டிப் பார்ப்பது தெரிந்தது. கங்காதரனுக்கு ஐம்பத்தைந்து வயசு இருக்கும். எதையும் காகிதத்தில் அடித்து, விரலை வைத்து, வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு மண்டையில் ஏறும். பதினேழு சீட்டையும் அப்படியே படித்தார். படிக்கப் படிக்க ஜெகதீஷின் காது சிவந்துகொண்டே போனது.

“பதினேழு தரம் கேட்டிருக்காங்கப்பா.”

“பிஸியா இருந்தேன் சார்.”

“பதினேழு தரமுமா?”

வசந்தகுமாரிக்கு மூன்று நாள் கழித்து அப்போதுதான் மூச்சு ஒழுங்காக உள்ளே போனது. அதை வெளியே விடுவதற்குள் கங்காதரன் இன்னொரு காகிதத்தை எடுத்தார். வெளிநாட்டம்மா எழுதிய மெயில். அதன் கடைசிப் பத்தியில் விரலை வைத்தார்.

“கண்ணுங்களைப் பத்தியும் எழுதியிருக்கா. கேளுங்க. அந்தக் காலத்துல கண் நோய் வந்தவங்க மலையெல்லாம் தாண்டி அந்த மடத்துக்கு நடந்தே வருவாங்களாம். புனிதரோட கண்ணுல இருந்து கொஞ்சம் சுண்ணாம்பைச் சுரண்டி, தண்ணியில கலந்து, தன் கண்ணுல விட்டுப்பாங்களாம், பார்வை வரும்னு. தலைமுறை தலைமுறையா சுரண்டிச் சுரண்டித்தான் அந்தக் குழி. ‘அந்த ஜனங்க வந்ததுக்கு எங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி அந்தக் குழிதான், அதை நீங்க மூடிட்டீங்க’ன்னு முடிச்சிருக்கா.”

மூன்றரை மாசமாக எந்தக் கொடும்பாவி என்று திட்டித் திட்டி வசந்தகுமாரி மூடிய குழிகள். கண் தெரியாதவர்கள், யார் கையையோ பிடித்துக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, விரல் நகத்தால்...

“இதுக்குச் சீட்டு ஒண்ணும் காணோம்,” என்றார் கங்காதரன். “கண்ணை யார் வைக்கச் சொன்னது?”

அவள் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஜெகதீஷ் கையை விரித்துவிட்டான்.

“நான்தான் சொல்லியிருப்பேன் சார். பதினேழை மூடினவன் இதையும் சொல்லியிருப்பேன். எனக்கு எதுவும் ஞாபகம் இல்ல. எல்லாத்தையும் என் பேர்லயே போட்டுக்குங்க, முடிஞ்சுது.”

பாருங்கள், அவள் பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சபீனா எதுவும் காதில் விழாமலே தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள், சொல்லு சொல்லு என்று. டிராயருக்குள் காகிதம் காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் வசந்தகுமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திங்கட்கிழமை வந்த கோபத்தைவிடப் பெரிய கோபம். இவன் சொல்லியிருப்பானா? இவனா? எந்தச் சாமி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இவனுக்குத் தெரியுமா? அந்த வரிசையை ஒரு நாளாவது பெருசு பண்ணிப் பார்த்திருப்பானா?

“அவரு சொல்லல சார்.”

“என்னம்மா?”

“அவரு சொல்லல. அவருக்கு அங்க கண்ணு இல்லங்கறதே தெரியாது. நான்தான் வச்சேன். நாப்பத்து மூணு ஜோடி. சாப்பாட்டு நேரத்துல வச்சேன், ஆபீஸ் நேரத்துல இல்ல.”

ஜெகதீஷ் அவளைப் பார்த்தான். “அக்கா, நான்தான் எடுத்துக்கறேன்னு சொல்றேனே!”

“ஒன்ன யாரு கேட்டா?”

கங்காதரன் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “யோசிச்சுச் சொல்லும்மா. எழுதிட்டா எழுதினதுதான். கீறல் அவர் தப்பு, அதுலேருந்து உன் பேரை எடுத்துடலாம். கண்ணுன்னு உன் பேர்ல புதுசா ஒண்ணு ஏறும். சிஸ்டத்துக்கு ஆயிரமும் ஒண்ணும் ஒண்ணுதான். உன் ஆர்டர் வராது.”

“தெரியும் சார்.”

“பின்ன ஏன்?”

வசந்தகுமாரி மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றினாள்.

“மூணரை மாசத்துல நானா செஞ்சதுன்னு அது ஒண்ணுதான் சார் கீது. மத்ததெல்லாம் சொன்னாங்க, செஞ்சேன். தப்புதான். இப்ப நீங்க படிச்சீங்களே, அதக் கேட்டப்புறம் பெரிய தப்புன்னு தெரியுது. ஆனா என் தப்பு. அத்தத் தூக்கி இவர் பேர்ல போட்டா, அப்ப நான் அங்க ஒக்காந்து இன்னாதான் சார் பண்ணேன்?”

கங்காதரன் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு எழுதினார். எழுதியதை வழக்கம்போல வாய்விட்டுப் படித்தும் காட்டினார். கீறல்களை நீக்கியது, ஜெகதீஷ் உத்தரவுப்படி. கண்களைச் சேர்த்தது, வசந்தகுமாரி, தானாக.

தன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த எழுத்து உண்மையாக இருந்தது. உண்மையாக இருந்து அவளுக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. அறைக்கு வெளியே வந்தபோது பெருமையாகவும் இல்லை, நிம்மதியாகவும் இல்லை. ஷேர் ஆட்டோவில் இன்னும் ஒரு வருஷம் தொங்க வேண்டும் என்பது மட்டும் இடுப்பில் வலித்தது. கிருஷ்ணப்பிரியா எதிரே வந்தாள். “அடுத்த வருஷம் கண்டிப்பா பண்ணிடலாம்,” என்று, பல் டாக்டர் மாதிரி சிரித்தாள்.

சபீனா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள். மத்தியானம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோதுதான் வெடித்தாள்.

“பைத்தியமாக்கா நீ? அவனே ஏத்துக்குறான். மவராசனா ஏத்துக்குறான். நீ போயி வேணாம் எங்கிட்டயே குடுன்னு வாங்கினு வர்ற!”

“சோத்தத் துன்னு.”

“கஜபதி அண்ணன் கேட்டா இன்னா சொல்லுவ?”

“கண்ணு மட்டுந்தான் வச்சேன், பொட்டு வைக்கலன்னு சொல்லுவேன். துன்னுடி.”

சபீனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வசந்தகுமாரிக்கு வரவில்லை.

வேலை திரும்பி வந்தது. அழித்த கீறல்களை எல்லாம் பழைய போட்டோவிலிருந்து பார்த்துப் பார்த்து மறுபடி கொண்டுவர வேண்டும். அதற்கு ஜெகதீஷோடு நாலு பேர். கண்களை எடுக்க வசந்தகுமாரி. பழைய படத்தையே அப்படியே தூக்கி வைத்துவிடலாமே என்று நினைப்பீர்கள். நான்கு சுவரையும் ஒட்டி, வளைவை நிமிர்த்தி, நிறத்தைச் சமமாக்கி ஆகிவிட்டது. பழைய துண்டை வைத்தால் கிழிந்த சேலைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி தனியாகத் தெரிகிறது. பக்கத்தில் பழையதை வைத்துக்கொண்டு, ஓரத்தை எல்லாம் கையாலேயே இழைத்துக் கொண்டுவர வேண்டும்.

நாலு மணி வாக்கில் ஜெகதீஷ் அவள் இருக்கைக்கு வந்து நின்றான். அவனுக்கும் முகம் செத்துத்தான் கிடந்தது.

“அக்கா, அந்த ஏணிக்குக் கீழ இருக்கிற கீறல் எங்களுக்கு வரல, அதை மட்டும் நீங்க முதல்ல...”

“சீட்டு ஒட்டு.”

“இல்லக்கா, சின்ன விஷயம்தான், வாயாலயே...”

“எழுதி ஒட்டு தம்பி. வாயால சொன்னா எனக்குக் காது கேக்காது.”

அவன் நின்று பார்த்துவிட்டுப் போனான். அரை நிமிஷத்தில் அவள் திரையில் மஞ்சள் சீட்டு ஒன்று முளைத்தது. அதைப் படித்து, பதில் எழுதி, ஓரமாகத் தள்ளிவிட்டு, அவள் முதல் புனிதரைத் திறந்தாள். வெள்ளைத் தாடிக்காரர். முதல்முதலில் கண் வைத்த ஆள்.

எடுப்பது ஒரு நொடி. எடுத்துவிட்டாள். குழி செய்வதுதான் வரவில்லை. ஆறு வருஷமாக மூடி மூடிப் பழகின கை. பழைய போட்டோவில் அந்தக் குழி ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் மேலோட்டமாகவும் இருந்தது. மேலிருந்து சுரண்டியவன் ஒருத்தன், குள்ளமாகக் கீழே நின்று சுரண்டியவள் ஒருத்தி, இடது கைக்காரர் யாரோ ஒருவர். ஒவ்வொரு சுரண்டலும் வேறு வேறு அவசரம். அவள் செய்த குழியோ கிண்ணம் மாதிரி வட்டமாக, ஓரமெல்லாம் வழுவழுப்பாக, பார்க்க லட்சணமாக வந்து நின்றது.

“த்சு,” என்று அழித்தாள்.

மறுபடி செய்தாள். மறுபடியும் லட்சணமாக வந்தது.

“வுடுக்கா, போதும். யாரு இவ்ளோ கிட்டக்க பாக்கப் போறா?” என்றாள் சபீனா, பையை மாட்டிக்கொண்டே. “ஒன் ரயிலு போயிடும்.”

“நீ போ.”

மூன்றாம் தரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கையை வேண்டுமென்றே நடுங்கவிட்டுச் செய்து பார்த்தாள். நடுக்கம்கூட அழகாகத்தான் விழுந்தது. வசந்தகுமாரி பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் அழித்தாள்.